நடந்து போகும் தூரத்தில் நிழல்

எம்டன் என்றால் நமக்குக் கப்பலின் பெயர் மட்டுமில்லை. தமிழ்ப் பேச்சில் அது ஆளைக் குறிக்கும் சொல்லாகவே ஆகிவிட்டது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்திவிட்டுப் போன அந்த ஜெர்மன் போர்க்கப்பல், சில வாரங்கள் கழித்து அரபிக் கடலில் ‘கிளான் கிராண்ட்’ என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. அதில் சென்னைக்கு வரவேண்டிய பெட்டிகள் இருந்தன. ஊர்களின் வரைபடங்கள், பழைய நகரங்களின் படங்கள், தோட்டத் திட்டங்கள் என்று பாட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த நகரமைப்புக் கண்காட்சி மொத்தமும் அந்தப் பெட்டிகளில் இருந்தது. சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு அழைத்ததால் அதைக் காட்டுவதற்காகவே அவர் புறப்பட்டு வந்திருந்தார். நண்பர்கள் அவசர அவசரமாக வேறு படங்களைத் திரட்டி அனுப்ப, 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி எப்படியோ நடந்துவிட்டது.

கெடிஸ் பொறியாளர் இல்லை. டண்டீ நகரில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர். செடியைப் பார்த்துப் பழகிய கண்ணோடு ஊரைப் பார்த்தார். தஞ்சாவூர், மதுரை, கோயம்புத்தூர் என்று சென்னை மாகாணத்து ஊர்களைத் தெருத்தெருவாக நடந்து பார்த்து அறிக்கைகள் எழுதினார். தஞ்சாவூரில் நெருக்கமான குடியிருப்புகளை வெட்டிப் பிளந்து நேர்க்கோட்டுச் சந்துகள் போடும் திட்டம் அதிகாரிகளிடம் இருந்தது. அது வேண்டாம் என்றார். இடிந்துபோன சில வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடங்களில் மரம் நட்டுச் சின்னச் சின்ன முற்றங்களாகத் திறந்துவிட்டால் போதும்; செலவும் குறைவு, ஜனங்களும் வீடு இழக்க வேண்டாம் என்று வரைந்தே காட்டினார்.

எடின்பரோவில் அவர் ஏற்கெனவே செய்து பார்த்த வேலைதான் இது. அந்த நகரத்தின் பழைய, ஏழைப் பகுதியில் குப்பை கொட்டிக் கிடந்த காலி இடங்களை அவருடைய குழுவினர் ஒவ்வொன்றாக அளந்தார்கள். 70-க்கும் மேற்பட்ட துண்டு நிலங்கள். எல்லாம் சேர்ந்து சுமார் 10 ஏக்கர். அவற்றில் சிலவற்றை அவருடைய மகள் நோரா அந்தத் தெருப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு தோட்டமாக மாற்றினார். பூங்காவுக்கு இடமே இல்லை என்று சொல்லப்பட்ட ஊரில் 10 ஏக்கர் சும்மா கிடந்திருக்கிறது.

இதைப் படித்துக்கொண்டிருந்த நாட்களில்தான், சித்திரை மாதத்து ஒரு மதியம், எங்கள் ஊர்ப் பூங்காவின் கிழக்குச் சுவரோரம் நுங்கு விற்கும் அக்காவைக் கவனித்தேன். சுவருக்கு உள்ளே ஒரு புங்கமரம். அதன் கிளையொன்று சுவரைத் தாண்டி நடைபாதையின் மேல் நீண்டிருக்கிறது. மணி ஒன்றரை. சூரியன் உச்சியிலிருந்து கொஞ்சம்தான் சாய்ந்திருந்ததால், ஒரு சாக்கு விரிக்கும் அகலத்துக்கே நிழல் வெளியே விழுந்திருந்தது. நுங்கு வாடிவிடக் கூடாதென்று கூடையை நிழலில் வைத்துவிட்டு, அவர் பாதி வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

“உள்ளே போய் உட்காரலாமே அக்கா?”

“பூட்டியில்ல கெடக்கு தம்பி. காலையில ஒம்பது மணிக்குப் பூட்டுனா சாயங்காலம் நாலு மணிக்குத்தான் தொறப்பாங்க.”

பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டில் ஏறக்குறைய நிரம்பியே இருந்தது. கேட்டேன். “குடிச்சா எங்க போறது? காலையிலேருந்து ரெண்டு மடக்குதான்” என்றார். கம்பிக் கதவு வழியாக உள்ளே பார்த்தேன். கொரியன் புல்வெளி, எட்டு போட்டு நடக்கும் பாதை, ஃபைபரில் செய்த யானை, ஒரு கழிப்பறை, வரிசையாகப் பெஞ்சுகள். எல்லாம் ஜனங்களின் வரிப்பணத்தில் வந்தவை. நிழல் அதிகம் தேவைப்படும் ஏழு மணி நேரத்துக்கு அந்த நிழலில் ஒருவரும் இல்லை.

அந்த நிழல் என்ன செய்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். வானிலை ஆய்வு மையம் இன்று 40 டிகிரி செல்சியஸ் என்று அறிவித்தால், அது நிழலில் அளந்த 40 டிகிரி. வெப்பமானியை வெயில் படாமல், காற்று மட்டும் புகும்படி சட்டங்கள் அடித்த வெள்ளைப் பெட்டிக்குள்தான் வைத்திருப்பார்கள். வெயிலில் நிற்பவரின் உடம்புக்கு அந்த 40 டிகிரிக் காற்றோடு கணக்கு முடிவதில்லை. மேலிருந்து சூரியக் கதிர், கீழிருந்து தார்ச்சாலை உமிழும் வெப்பக் கதிர், பக்கத்திலிருந்து சுவரும் ஷட்டரும் நிறுத்திவைத்த பேருந்தும் உமிழ்வது என்று நாலாபக்கமும் வாங்குகிறார். மரத்தடிக்கு நகர்ந்தால் காற்றின் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. ஆனால் கதிர்கள் பெருமளவு குறைந்துவிடுகின்றன. காலடித் தரையும் சுடாமல் இருக்கிறது. ‘அப்பாடா’ என்று உடம்பு சொல்வது அதற்குத்தான்.

பூங்காக்கள் எவ்வளவு குளிர்ச்சி என்று உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, டயானா பவ்லர் குழுவினர் 2010-இல் ஒரு சராசரி சொன்னார்கள்: பகலில், சுற்றியுள்ள கட்டடப் பகுதியைவிட 0.94 டிகிரி குறைவு. ஒரு டிகிரிகூட இல்லையே என்று இந்த எண்ணைக் காட்டிப் பூங்காவை அலட்சியப்படுத்துபவர்கள் உண்டு. அது காற்றின் கணக்கு. புங்கமரத்தடியில் உட்காரும் உடம்பின் கணக்கு வேறு.

நிழல் தருவதோடு மரம் தண்ணீரையும் செலவழிக்கிறது. வேர் உறிஞ்சிய நீர் இலைத்துளைகள் வழியாக ஆவியாகிப் போவதை நீராவிப்போக்கு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டுமானால் சுற்றுப்புறத்திலிருந்து சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். மின்கட்டணக் கணக்கில் சொன்னால் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. வேரில் ஈரம் இருக்கும் பெரிய மரம் ஒரே நாளில் 100 லிட்டர் வரை வெளிவிடக்கூடும். ஏறக்குறைய 67 யூனிட் வெப்பம் அதோடு போகிறது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வேரில் ஈரம் இல்லாவிட்டால் மரம் தன்னைக் காத்துக்கொள்ள இலைத்துளைகளை மூடிவிடும். மரத்தின் தூர்வரை பேவர் பிளாக் பதித்து, மழைநீர் இறங்க ஒரு சாண் மண்ணைக்கூட விடாத பூங்காக்களில் இந்த வேலை நடக்காது, நிழலோடு சரி. புல்வெளிக்கோ அந்த நிழலும் கிடையாது, தண்ணீரோ தினமும் வேண்டும். இருக்கிற தண்ணீரைப் புல்லுக்குப் பாய்ச்சிவிட்டு மரக்கன்றைக் காயவிடும் பழக்கம் எனக்குப் பொறுக்க முடியாதது. நம் வெயிலுக்குப் புங்கன், வேம்பு, பூவரசு, நாவல், இலுப்பை என்று எத்தனை மரங்கள் இருக்கின்றன.

வளரும் ஊருக்குப் பூங்கா ஆடம்பரம், முதலில் சாலை, சாக்கடை, தண்ணீர் என்பது காலங்காலமாக வரும் பேச்சு. 1840-களில் பர்க்கன்ஹெட் என்ற ஊரிலும் அப்படிச் சொல்ல எல்லாக் காரணமும் இருந்தது. இங்கிலாந்தில் மெர்சி ஆற்றுக்கு இக்கரையில் பர்க்கன்ஹெட், அக்கரையில் லிவர்பூல். 1801-இல் அங்கே 110 பேர்தான் வாழ்ந்தார்கள். நீராவிப் படகுப் போக்குவரத்தும் கப்பல் கட்டும் தொழிலும் வந்த பிறகு, 1841-இல் மக்கள்தொகை 8,000-ஐத் தாண்டிவிட்டது. ஊர் நிர்வாகம் 1843-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அனுமதி வாங்கி, பொதுப் பணத்தில் 226 ஏக்கர் நிலம் வாங்கியது. பெரும்பாலும் சதுப்பு. அதில் 125 ஏக்கரை எல்லோருக்கும் இலவசப் பூங்காவாக ஒதுக்கிவிட்டு, மீதியைச் சுற்றிலும் வீட்டுமனைகளாக விற்றார்கள். பூங்காவைப் பார்த்த மனைக்கு நல்ல விலை வருமல்லவா, அந்தப் பணம் பூங்காவின் செலவுக்கு ஆனது. ஜோசப் பாக்ஸ்டன் என்ற தோட்டக்கலைஞர் சதுப்பைத் தோண்டி ஏரியாக்கி, தோண்டிய மண்ணை மேடாக்கி வடிவமைத்தார். 1847 ஏப்ரலில் திறந்தார்கள்.

1850-இல் பிரெடரிக் லா ஓல்ம்ஸ்டெட் என்ற அமெரிக்க இளைஞர் அந்த ஊர் வழியாக வந்து, ஒரு ரொட்டிக் கடையில் நின்றார். புதுப் பூங்காவைப் பார்க்காமல் ஊரைவிட்டுப் போய்விடாதீர்கள் என்று கடைக்காரர் கெஞ்சாத குறையாகச் சொல்லி அனுப்பினார். போய்ப் பார்த்த ஓல்ம்ஸ்டெட்டை அசத்தியது பூச்செடிகளைவிட, அங்கே எல்லா வகை மனிதர்களும் ஒன்றாக நடமாடியதுதான். எட்டு ஆண்டுகள் கழித்து நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கைக் கால்வர்ட் வாக்ஸ் என்பவரோடு சேர்ந்து வரைந்தவர் அவர்தான். ஊர் நெருக்கிப் பிதுங்குவதற்கு முன்பே நிலத்தை எடுத்து வைத்தது பர்க்கன்ஹெட் செய்த புத்திசாலித்தனம். பிறகென்றால் வீடுகளை இடித்துத்தான் எடுக்க வேண்டும். அதை யாரும் செய்ய மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் அந்த ‘முன்பே’ என்ற காலம் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. 2011 கணக்கெடுப்பிலேயே நூற்றுக்கு 48 பேர் நகரவாசிகள். நேற்றுவரை சோளம் விளைந்த நிலத்தில் கல் நட்டு, கொடி கட்டி, மனை விற்பனை நடக்காத ஊர் ஏது? நல்லவேளையாக இதற்குச் சட்டம் இருக்கிறது. மனைப்பிரிவு போடும்போது சாலைகள் போக மிஞ்சும் நிலத்தில் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் இருந்தால் நிலமாகவே உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று அலுவலகங்களில் சொல்வது இதைத்தான். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையிலான இடங்களுக்கு, நிலத்துக்குப் பதில் அதன் மதிப்பைப் பணமாகக் கட்டிவிடும் வழி உண்டு. எனக்கு இந்த வழியில் உடன்பாடில்லை. பணம் வேறொரு கணக்கில் சேரும். அந்தத் தெருவுக்கு நிழல் இல்லாமல் போவது போனதுதான்.

பத்து ஏக்கர் மனைப்பிரிவில் சாலைகள் போக ஏழு ஏக்கர் மிஞ்சினால் 70 சென்ட் பூங்காவுக்கு வர வேண்டும். தாராளமான இடம் அது. பெரிய மரங்களே முப்பது, நாற்பது நிற்கலாம். உங்கள் மனைப் பத்திரத்தோடு வந்த அங்கீகார வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், ‘பூங்கா’ என்று ஒரு கட்டம் இருக்கும். எங்கள் குடியிருப்பின் வரைபடத்தில் இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தால் பாதி இடத்தில் யாரோ இறக்கிய எம்-சாண்ட் குவியல், மீதியில் சீமைக் கருவேலம். வாசலில் துருப்பிடித்த பலகை, அத்துமீறி நுழைந்தால் தண்டனை என்கிறது.

அப்படி ஒதுக்கிய இடத்தை வேறு நல்ல காரியத்துக்குத்தானே கொடுக்கிறோம் என்ற வாதமும் அடிக்கடி வரும். பெங்களூரில் 1970-களில் ஒரு குடியிருப்பின் பூங்கா இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்ட ஒதுக்கினார்கள். குடியிருந்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம், பூங்காவுக்கென்று வரைபடத்தில் விட்ட நிலம் மக்களுடையது, அதைத் தனியார் மருத்துவமனைக்கு மாற்றிக் கொடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. சுற்றுச்சூழல் வழக்குகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது.

கருவேலம் மண்டிய துண்டு நிலம் திருந்தினால் மனிதர்களுக்கு என்ன ஆகும்? மரங்கள் சூழ்ந்த பகுதிகளில் வாழ்வோர் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று பல ஆய்வுகள் உண்டு. இங்கிலாந்தில் சுமார் 4 கோடிப் பேரின் பதிவுகளை வைத்து ரிச்சர்ட் மிட்செல், ஃபிராங்க் பாப்பம் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, பசுமை மிகுந்த பகுதிகளில் ஏழைக்கும் பணக்காரருக்கும் இடையிலான இறப்பு விகித வேறுபாடு குறைவாக இருந்ததைக் காட்டியது. ஆனாலும் ஒரு சந்தேகம் நிற்கும். வசதியும் உடல்நலமும் உள்ளவர்கள் மரம் உள்ள இடமாகப் பார்த்துக் குடிபோகிறார்கள் என்றால், மரத்துக்கு எப்படிப் புகழைக் கொடுப்பது?

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கப் பிலடெல்பியாவில் யூஜீனியா சவுத் குழுவினர் குலுக்கல் முறையைக் கையாண்டார்கள். நகரத்தில் பாழாய்க் கிடந்த 541 காலி மனைகளைக் குலுக்கி மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவில் குப்பையை அகற்றி, நிலத்தைச் சமன்செய்து, புல்லும் சில மரங்களும் வைத்து, தொடர்ந்து பராமரித்தார்கள். இன்னொரு பிரிவில் குப்பையை மட்டும் அகற்றினார்கள். மூன்றாவதை அப்படியே விட்டுவிட்டார்கள். அக்கம்பக்கத்தில் வசித்த 342 பேரிடம் வேலைக்கு முன்பும் பின்பும் மனநிலையைக் கேட்டார்கள். யார் வீட்டருகே தோட்டம் வந்தது என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்தது. பணம் முடிவு செய்யவில்லை. 2018-இல் முடிவு வெளியானது. மூன்றாவது பிரிவோடு ஒப்பிட்டால், பசுமையான மனைகளின் அருகே மனச்சோர்வை உணர்வதாகச் சொன்னவர்கள் 41.5 சதவீதம் குறைந்திருந்தார்கள். ஏழ்மையான பகுதிகளில் இந்தக் குறைவு இன்னும் அதிகம். குப்பையை மட்டும் அள்ளிய இடங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

அந்த மனைகளைச் சுற்றி அவர்கள் போட்ட வேலியையும் சொல்ல வேண்டும். இடுப்புயரத்துக்குக் கூட வராத மரவேலி. குப்பை வண்டி நுழையாது, மனிதர்கள் நுழைய இடைவெளி இருக்கும். பூட்டு கிடையாது.

பெரிய பூங்காவே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 70 சென்ட் நிலம் தன்னை மட்டும்தான் குளிர்விக்கும். பக்கத்துத் தெருவரை குளிர்ச்சி பரவ வேண்டுமானால் பரப்பு வேண்டும். பறவைகளுக்கும் மழைநீர் தேங்கி இறங்குவதற்கும் ஏரிக்கரையும் மேய்ச்சல் புறம்போக்கும் போன்ற அகன்ற இடங்கள் அவசியம். இந்திய அரசின் 2014-ஆம் ஆண்டு நகரமைப்பு வழிகாட்டுதல் தலைக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கிறது. ஒரு லட்சம் பேர் உள்ள ஊருக்குக் குறைந்தபட்சமே ஏறக்குறைய 250 ஏக்கர் ஆகும். ஆனால் அந்த 250 ஏக்கரும் புறவழிச்சாலைக்கு அப்பால் ஒரே இடத்தில் இருந்துவிட்டால், கணக்கு நிறைந்துவிடும். ஊருக்குள் இருக்கும் பாட்டி அங்கே போக ஆட்டோ பிடிக்க வேண்டும். அதனால்தான் நகர மர ஆய்வாளர் செசில் கோனைனெண்டைக் 2021-இல் வேறு விதமாக அளக்கச் சொன்னார்: வீட்டிலிருந்து பார்த்தால் 3 மரங்கள் தெரிய வேண்டும், அந்தப் பகுதியில் 30 சதவீதம் மரநிழல் வேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா இருக்க வேண்டும். 300 மீட்டர் என்பது நான்கைந்து நிமிட நடை. பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் பத்து நிமிடம்.

தூரம் ஒத்துவந்தாலும் வாசல் ஒத்துவர வேண்டும். இருசக்கர வண்டியும் மாடும் நுழையாமலிருக்கப் பூங்கா வாசலில் வளைத்து வைக்கும் இரும்புத் தடுப்பு, சக்கர நாற்காலியையும் நிறுத்திவிடுகிறது. ஓர் அடி உயரம் ஏறச் சாய்தளம் போட்டால் அது 12 அடி நீளம் இருக்க வேண்டும். மூன்றடியில் செங்குத்தாகக் கட்டிவிட்டு சாய்தளம் என்று கணக்குக் காட்டுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். வியன்னாவில் 1990-களின் பிற்பகுதியில் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள்: பத்து வயது வாக்கில் பெண்பிள்ளைகள் பூங்காவுக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். யாரும் தடுக்கவில்லை. இருந்த ஒரே திடலைப் பையன்கள் பந்து விளையாட எடுத்துக்கொண்டதால் இவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். மார்கரெட்டன் பகுதியின் இரண்டு பூங்காக்களில் திடலைப் பிரித்து, பாதைகளையும் உட்காரும் இடங்களையும் கூட்டி, வாலிபால், பேட்மின்டன் ஆட இடம் விட்டதும் பெண்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். நம் ஊர்த் திடல்களில் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை எத்தனை பேர் என்று ஒரு மாலை நின்று எண்ணிப் பார்த்தால் தெரியும்.

எங்கள் தெருவில் ஏழு பேர் சேர்ந்து ஊர் நிர்வாகத்துக்கு ஒரு மனு எழுதினோம். பூங்காவைப் பகல் முழுக்கத் திறந்து வைக்க வேண்டும் என்பது முதல் கோரிக்கை. வரைபடத்தில் உள்ள ஓ.எஸ்.ஆர். நிலத்தை அளந்து, மணலை அகற்றி, மழைக்கு முன் மரம் நட அனுமதிக்க வேண்டும் என்பது இரண்டாவது. கொடுக்கப் போகும் வழியில் நுங்கு அக்காவிடம் நின்று படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “கக்கூஸையும் தொறந்து வைக்கச் சொல்லி எழுதியிருக்கீங்களா?” என்றார்.

எழுதவில்லை. ஏழு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் கூடை மேல் தாளை வைத்து, மூன்றாவது கோரிக்கையைப் பேனாவால் சேர்த்தேன். எட்டாவது கையெழுத்து அவருடையது.